இடது விளக்கு

ஆறு மாதத்தில் இது நாலாவது.
காரங்காட்டில் நண்டு ஏற்றும்போது எரிந்தது,
தேவிபட்டினம் தாண்டுகையில் இல்லை.
எதிரே வந்த மினிபஸ்காரன்
என் ஆம்னியை மொபெட் என்று நினைத்து
தன் பங்குக்கு மேல் சாலையை எடுத்துக்கொண்டான்.
இடது சக்கரம் மண்ணில் இறங்கி
கருவேலமுள் கதவைக் கீறும் சத்தத்தோடு
நின்றேன்.
பின்னால் கயிறு கட்டிய கழிநண்டுகள்
நுரை கக்கிக்கொண்டிருந்தன.
அவற்றுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு விளக்குப் போனால்
வெளிச்சம் பாதி போகும் என்றுதான் நினைத்திருந்தேன்.
போவது பாதி வண்டி.

காலையில் ராமநாதபுரம், கேணிக்கரை.
கலீல் கடையில் ரெண்டு பல்ப் கேட்டேன்.
‘ஒண்ணுதானே போச்சு அக்கா?’
‘மத்தது எப்பப் போகும்னு சொல்லு, ஒண்ணு வாங்குறேன்.’
‘நூறு வாட் இருக்கு, பகல் மாதிரி அடிக்கும்.’
என் தம்பி அருளானந்து போட்டதும் அதுதான்.
பகல் மாதிரித்தான் அடித்தது,
பதினேழு நாள்.
பிடிமானத்தின் பிளாஸ்டிக்
வெல்லப்பாகாய் வழிந்து இறுகியிருக்கிறது, பார்.
அறுபது போதும் எனக்கு.
ஆடு எது, ஆள் எது என்று தெரிந்தால் சரி.

வீட்டுவாசலில் கச்சான் காற்றுக்கு முதுகு காட்டி
கம்பிக் கொக்கியை நெம்பி
செத்ததை வெளியே எடுத்தேன்.
உள்ளே அடுப்புக்கரி.
கண்ணாடியில் ஒரு கொப்புளம்,
கொப்புளத்தின் மேல் சன்னமான கோடுகள்.
வெயிலில் திருப்பிப் பார்த்தேன்.
அருளானந்தின் பெருவிரல்.
தேங்காயெண்ணெயோ, நண்டுக் கொழுப்போ,
தொட்ட இடத்திலேயே வெந்திருக்கிறது.

புதுப் பெட்டியின் பக்கவாட்டில்
ஒரு கையின் படம், மேலே சிவப்புப் பெருக்கல் குறி.
சிரிப்பு வந்துவிட்டது.
கொடுக்கு, டீசல், உப்பு, ஏலக்காசு,
ஆஸ்பத்திரியில் அம்மாவின் பற்செட்டு,
எதைத் தொடாதே என்று சொன்னார்கள் இந்தக் கையிடம்?
மூன்று முறை சோப்புப் போட்டேன்.
வாடை போகவில்லை.
துவைத்த கைக்குட்டையைச் சுற்றி
பல்பின் தகரப் பாவாடையை மட்டும் பிடித்து
மூன்று காதும் மூன்று பள்ளத்தில் உட்கார
மூச்சை அடக்கி வைத்தேன்.
பச்சைப்பிள்ளையை யாரிடமிருந்தோ கைமாற்றி
தொட்டிலில் விடுவது மாதிரி.
இல்லை, அவ்வளவெல்லாம் இல்லை. பல்ப்தான்.

பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருந்தது.
நம் பக்கத்துக் கடலுக்கு அலை பெரிதில்லை,
அது காற்றில் ஏறி ஊருக்குள் வரும்.
செம்புக் காதுகளில் பாசிப்பச்சை,
எர்த் வயரின் நட்டில் உப்புப் பூ.
உப்புத்தாளால் சுரண்டி, கிரீஸ் தடவி
புது மூடியை விளிம்பு மடியாமல் அழுத்தினேன்.

மதியம் கலீல் மீட்டரை வைத்துப் பார்த்தான்.
எஞ்சினை முறுக்கினால் பதினைந்தரை வோல்ட்.
‘ரெகுலேட்டர் அவுட்டு’ என்றான்,
சொந்தக்காரர் சாவைச் சொல்கிற முகத்தோடு.
கொன்றது விரலா, உப்பா, மிகை மின்சாரமா?
வழக்குப் போட்டால் மூவரும்
ஒருவரை ஒருவர் காட்டுவார்கள்.
ரெகுலேட்டரையும் மாற்றினேன். எழுநூறு ரூபாய்.
அந்த வாரத்துச் சீட்டுப் பணம் அது.

அன்று ராத்திரி உச்சிப்புளி தாண்டி
எதிரே ஒரு லாரி.
நூறடி இருக்கும்போதே
அது தன் விளக்கைத் தாழ்த்தியது.
நானும் தாழ்த்தினேன்.
முகம் தெரியாத ஒருவன் என்னை
முழு வண்டி என்று நம்பிவிட்டுப் போனான்.

கழற்றிய வலது பல்ப் இன்னும் சாகவில்லை.
பால்பவுடர் டப்பாவில் பஞ்சு சுற்றி
சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.

நண்டுக் கணக்கு நோட்டில்
மோர்ப்பண்ணை சூசைமாணிக்கம் பாக்கி ரெண்டு கிலோ,
அதற்குக் கீழே:
விளக்கு, ரெண்டும், ஆனி ஒன்பது.
அதற்கும் கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன்.